காய்ச்சலைச் சொல்லும்போது தண்ணீரையும் சொல்லுங்கள்



இன்று நாம் பேசப்போவது லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் காய்ச்சலைப் பற்றி. பெயர் வாயில் எளிதில் நுழையாது. மலாய் மொழியில் இதைக் கென்சிங் திகுஸ் என்கிறார்கள். நம்மில் பலர் எலிக்காய்ச்சல் என்போம். இந்த உரையிலும் அப்படியே சொல்வோம்.

இன்று சொல்லப்போவதில் ஒன்றே ஒன்று உங்கள் நினைவில் நின்றால் போதும். காய்ச்சலோடு மருத்துவரிடம் போகும்போது, உங்கள் கால் எந்தத் தண்ணீரில், எந்தச் சேற்றில் பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காய்ச்சலை மருத்துவர் அளந்து பார்த்துவிடுவார். ரத்தத்தைச் சோதித்துவிடுவார். போன வாரம் நீங்கள் செருப்பில்லாமல் லோங்காங் அடைப்பை எடுத்துவிட்டீர்கள் என்பது மட்டும் நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். அந்த ஒரு வாக்கியம் சில நேரங்களில் ஓர் உயிரைக் காப்பாற்றும். ஏன் என்று இனி பார்ப்போம்.

எலியிலிருந்து நம் உடலுக்கு

இந்நோயைத் தருவது கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி. திருகாணி போல் சுருண்ட வடிவம் கொண்டது. எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும். எலிக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. அது வழக்கம்போல் ஓடும், தின்னும், குட்டி போடும். ஆனால் அது சிறுநீர் கழிக்கும் ஒவ்வொரு முறையும் கிருமி வெளியே வரும். எலி மட்டுமன்று, நாய், மாடு, ஆடு, பன்றி, காட்டு விலங்குகள் ஆகியவற்றின் சிறுநீரிலும் இக்கிருமி இருக்கலாம். நம் குடியிருப்புப் பகுதிகளில் முதல் காரணம் எலிதான்.

வெளியே வந்த கிருமி காய்ந்த இடத்தில் விரைவில் செத்துவிடும். கடலின் உப்பு நீரும் அதற்கு ஒத்துவராது. ஈரமான மண், சேறு, தேங்கிய நல்ல தண்ணீர் ஆகியவற்றில் பல நாள், சில சமயம் பல வாரம்கூட உயிரோடு இருக்கும். அந்த நீரில் நாம் காலை வைக்கும்போது, தோலில் உள்ள வெட்டு, சிராய்ப்பு, வெடிப்பு வழியாக உள்ளே நுழையும். வெகுநேரம் நீரில் ஊறி மென்மையான தோலும் அதற்கு வழிவிடும். கண், மூக்கு, வாய் வழியாகவும் நுழையும். எலி கடிக்க வேண்டிய அவசியமே இல்லை. நாம் எலியைப் பார்த்திருக்கவும் வேண்டாம். அது நடந்துபோன தண்ணீர் போதும்.

கிருமி உள்ளே போன அன்றே காய்ச்சல் வராது. பெரும்பாலும் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் கழித்து வரும். இரண்டே நாளில் வருவதும் உண்டு. ஒரு மாதம் வரை தள்ளிப்போவதும் உண்டு. அதனால்தான் பலருக்குத் தண்ணீரும் காய்ச்சலும் மனத்தில் சேர்வதில்லை. வெள்ளம் வடிந்து, வீடு கழுவி, பாய் காயவைத்து, எல்லாம் மறந்துபோன பிறகு காய்ச்சல் வருகிறது. அதை மழையில் நனைந்த காய்ச்சல் என்று நினைத்துக்கொள்கிறோம்.

தீவுகளில் ஏன் அதிகம்?

உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 10 லட்சம் பேர் எலிக்காய்ச்சலால் பாதிக்கப்படுகிறார்கள் என்றும், அவர்களில் சுமார் 59,000 பேர் இறக்கிறார்கள் என்றும் 2015-இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு ஒன்று கூறுகிறது. இந்தச் சுமை எல்லா நாட்டுக்கும் சமமாக விழுவதில்லை. வெப்பமும் மழையும் சேர்ந்த நாடுகளில் அதிகம். அவற்றிலும் கடல் சூழ்ந்த தீவுகளில் மிக அதிகம்.

அதற்குக் காரணங்கள் எளியவை. தீவுகளில் ஆண்டு முழுவதும் வெப்பம், அடிக்கடி மழை. ஈரம் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். நடுவில் மலை இருந்தால், மக்கள் எல்லாரும் கடலோரமாக உள்ள குறுகிய சமவெளியில் நெருங்கி வாழ்வார்கள். மலையில் பெய்த மழை ஆறாகவும் கால்வாயாகவும் அந்தச் சமவெளிக்கே இறங்கும். கடலில் ஏற்றம் இருக்கும் நேரத்தில் பெருமழை பெய்தால் தண்ணீர் வெளியேற இடமில்லாமல் வீதிக்கு வரும். எலியோ, பழங்காலத்திலேயே கப்பலேறி ஏறக்குறைய எல்லாத் தீவுகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆட்களும் எலிகளும் தண்ணீரும் ஒரே சிறு இடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

பினாங்குத் தீவை நினைத்துப் பாருங்கள். நடுவில் கொடிமலை. அடியில் ஜோர்ஜ்டவுன், ஆயர் ஈத்தாம், சுங்கை பினாங்கு. 2017 நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் பெய்த பெருமழையில் அங்கே பல இடங்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அப்படி வீட்டுக்குள் வரும் தண்ணீர் மழைநீர் மட்டுமன்று. எலி வளைகளையும் குப்பைத் தொட்டிகளையும் கால்வாய்களையும் கழுவிக்கொண்டு வந்த தண்ணீர் அது.

நம் மக்கள் குடியேறி வாழும் மற்றத் தீவுகளும் இந்நோயை நன்கு அறிந்தவைதாம். இலங்கையில் 2008-ஆம் ஆண்டில் மட்டும் 7,000 பேருக்கு மேல் எலிக்காய்ச்சல் ஐயத்தோடு பதிவானார்கள். சுமார் 200 பேர் இறந்தார்கள். அவர்களில் வயலில் இறங்கி வேலை செய்தவர்கள் பலர். இந்தியப் பெருங்கடலில் உள்ள செய்ஷெல்ஸ் தீவுகளில் மக்கள்தொகை ஒரு சிறு நகரத்தினுடையதுதான். ஆனால் மக்கள்தொகையோடு ஒப்பிடும்போது இந்நோய் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான நாடுகளில் அதுவும் ஒன்று. ரியூனியன் தீவிலும் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் இது தலைகாட்டுகிறது.

வேறு பெயரில் ஒளிந்திருக்கும் காய்ச்சல்

எலிக்காய்ச்சலின் பெரிய ஆபத்து, அது தன்னை அடையாளம் காட்டிக்கொள்ளாது என்பதே. முதல் சில நாள்களில் அது டிங்கிக் காய்ச்சல் போலவே இருக்கும். கடுமையான காய்ச்சல், தலைவலி, உடம்பு முழுக்க வலி, வாந்தி. ரத்தத்தில் தட்டணுக்கள் குறைவதும் இரண்டிலும் உண்டு. நம் நாட்டில் டிங்கி அதிகம். அதனால் காய்ச்சல் என்றதும் எல்லாருக்கும் டிங்கிதான் முதலில் நினைவுக்கு வரும்.

அந்தமான் தீவுகளில் நடந்ததைக் கேளுங்கள். 1980-களின் இறுதியிலிருந்து அங்கே மழைக்காலம் முடியும்போதெல்லாம் ஒரு கொடிய காய்ச்சல் வந்தது. சிலர் ரத்தம் கலந்து இருமினார்கள், மூச்சுவிட முடியாமல் இறந்தார்கள். என்ன நோய் என்று தெரியாததால் அதற்கு அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று பெயரே வைத்துவிட்டார்கள். 1990-களில் செய்த ஆய்வுகளில்தான் அது எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தது. விலை குறைந்த, எங்கும் கிடைக்கும் மருந்தால் குணமாகக்கூடிய நோய் அது. பெயர் தெரியாத காரணத்தால் அத்தனை ஆண்டுகள் மக்கள் அதற்கு இரையானார்கள்.

இதற்கு நேர்மாறாக நடந்தது ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் போர்னியோ தீவில், நம் சபா மாநிலத்தில், ஒரு பன்னாட்டுச் சாகசப் போட்டி நடந்தது. 304 பேர் கலந்துகொண்டார்கள். காட்டில் நடந்தார்கள், செகாமா ஆற்றில் நீந்தினார்கள். பிறகு அவரவர் நாட்டுக்குத் திரும்பினார்கள். அங்கே போனதும் பலருக்குக் காய்ச்சல். எங்கே போய் வந்தீர்கள், என்ன செய்தீர்கள் என்ற கேள்விகளுக்குக் கிடைத்த பதில்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தபோது எல்லாம் ஒரே ஆற்றில் வந்து நின்றன. அதிகாரிகள் தொடர்புகொண்டு விசாரித்த 189 பேரில் 80 பேருக்கு நோயின் அறிகுறிகள் இருந்தன. 29 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை.

அவர்கள் இளைஞர்கள், நல்ல உடற்கட்டு உள்ளவர்கள் என்பதும் ஒரு காரணம். ஆனால் "நான் ஆற்றில் இறங்கினேன்" என்ற தகவல் மருத்துவரின் காதுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு காரணம். அதே வாய்ப்பை நாமும் நம் மருத்துவருக்குக் கொடுக்க வேண்டும்.

நமக்கு ஏன் கூடுதல் கவனம்?

இந்நோய் நம் நாட்டுக்குப் புதியதன்று. மலாயாவில் மனிதரிடம் இது இருப்பதை டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் 1925-இலேயே கண்டறிந்தார். ரப்பர்த் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் வேலை செய்து ஓய்ந்த பலர் இந்நோயுள்ள மண்ணில்தான் வெறுங்காலோடு நடந்திருக்கிறார்கள். "அந்தக் காலத்தில் சேற்றிலேயே கிடந்தோம், ஒன்றும் ஆகவில்லையே" என்று நீங்கள் சொல்லலாம். ஒன்றும் ஆகாதவர்கள்தாம் இன்று நம்மோடு அமர்ந்திருக்கிறார்கள். தோட்டத்துக் காய்ச்சலில் போனவர்கள் எத்தனை பேருக்கு இதுதான் நோய் என்று யாருக்குத் தெரியும்? முன்பு ஒருமுறை வந்திருந்தாலும் பாதுகாப்பில்லை. இக்கிருமியில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. ஒரு வகைக்கு உடல் பழகினாலும் இன்னொரு வகை தாக்கலாம்.

வயது கூடக்கூட இந்நோய் கடுமையாகும் வாய்ப்பும் கூடுகிறது. அது குறிவைக்கும் உறுப்புகள் சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல். வயதானவர்களிடம் இவற்றில் ஏதாவது ஒன்று ஏற்கெனவே தளர்ந்திருக்கும்.

அடுத்தது இனிப்புநீர். 2019-ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே மட்டும் பார்த்தால் ஏறக்குறைய மூவரில் ஒருவர். பல ஆண்டுகள் இனிப்புநீர் இருந்தால் பாதம் மரத்துப்போகும். காலில் கண்ணாடி குத்தினாலும் தெரியாது, குதிகால் வெடித்தாலும் வலிக்காது. நமக்கே தெரியாத காயம் ஒன்று நம் பாதத்தில் இருக்கலாம். கிருமிக்கு அது திறந்த கதவு.

மூன்றாவது நம் பழக்கம். வாசலில் மழைநீர் தேங்கினால், யாரையும் கூப்பிடாமல் நாமே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவோம். பூச்செடிக்கு மண் கிளறுவோம். கோயிலில் வெறுங்காலோடு நடப்போம். தைப்பூசத்தில் வெறுங்காலோடு தண்ணீர்மலை ஏறிய கால்கள் இவை. இவற்றையெல்லாம் விட்டுவிடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. திரும்பி வந்ததும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, ஈரம் துடைத்து, பாதத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் கேட்டுக்கொள்கிறோம். குனிந்து பார்க்க முடியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள்.

அறிகுறிகள்

முதலில் திடீரென்று கடும் காய்ச்சல், குளிர், தலைவலி. கூடவே இரண்டு அறிகுறிகளைக் கவனியுங்கள். ஒன்று, கெண்டைக்கால் வலி. கெண்டைக்கால் சதையை லேசாக அமுக்கினாலே தாங்க முடியாமல் வலிக்கும். சிலருக்கு இடுப்பிலும் முதுகிலும் வலிக்கும். இரண்டு, கண் சிவப்பு. கண் சிவந்திருக்கும், ஆனால் கண்ணோயில் வருவதுபோல் பீளை தள்ளாது. வயிற்று வலி, வாந்தி, வயிற்றுப்போக்கும் வரலாம்.

இங்கேதான் வயதானவர்கள் ஏமாந்துபோகிறார்கள். கால்வலியை வயதான வலி என்கிறோம். தைலம் தேய்த்துப் படுத்துக்கொள்கிறோம். கண் சிவப்பைத் தூக்கமின்மை என்கிறோம். பனடோல் போட்டதும் காய்ச்சல் கொஞ்சம் இறங்கும். நான்கைந்து நாளில் தேறிவிட்டது போலவும் தோன்றும். அப்படித் தோன்றிய பிறகு சிலருக்குக் காய்ச்சல் திரும்பி வந்து கடுமையாகும்.

பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோருக்கு இது சாதாரணக் காய்ச்சலாகவே வந்து போகும். ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மோசமாகும். கண்ணும் தோலும் மஞ்சளாவது, சிறுநீர் குறைவது அல்லது நின்றுபோவது, மூச்சுத் திணறல், இருமலில் ரத்தம், மூக்கிலோ ஈறிலோ ரத்தக் கசிவு, மயக்கம், குழப்பமான பேச்சு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அது அவசரம். கிளினிக் திறக்கும் வரை காத்திருக்க வேண்டாம். 999 எண்ணை அழையுங்கள், அல்லது உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

உடல் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது நம் குடும்பங்களில் பழைய வழக்கம். காய்ச்சலோடு வரும் மஞ்சளுக்கு அதை நம்பி ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். கல்லீரலும் சிறுநீரகமும் ஒரே நேரத்தில் பழுதாகிக்கொண்டிருக்கலாம். அதேபோல், மூட்டு வலிக்கென்று வீட்டில் வைத்திருக்கும் வலி மாத்திரைகளைக் காய்ச்சல் நேரத்தில் நீங்களாகவே எடுக்காதீர்கள். அவற்றில் பல சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்யும், ரத்தக் கசிவையும் கூட்டும்.

மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

இரண்டு நாளாகியும் காய்ச்சல் விடவில்லை என்றால் கிளினிக்குக்குச் செல்லுங்கள். தண்ணீரில் அல்லது சேற்றில் இறங்கியது நினைவிருந்தால் முதல் நாளே செல்லுங்கள். போகுமுன் கடந்த ஒரு மாதத்தைப் பின்னோக்கி யோசியுங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள்:

வீட்டிலோ வாசலிலோ வெள்ளம் வந்ததா? வெள்ளத்துக்குப் பிறகு யார் துடைத்தது?

லோங்காங், குப்பைத் தொட்டி, சமையலறைச் சாக்கடை எதையாவது சுத்தம் செய்தீர்களா? கோத்தோங் ரோயோங் பணிக்குப் போனீர்களா?

தோட்டத்தில் மண் வேலை செய்தீர்களா? மாடு, ஆடு, நாய் பராமரிக்கிறீர்களா?

பிள்ளைகளோடு நீர்வீழ்ச்சிக்கோ ஆற்றுக்கோ போனீர்களா?

வீட்டில், கடையில், வேலை செய்யும் இடத்தில் எலி நடமாட்டம் உண்டா?

காலிலோ கையிலோ காயம் இருந்ததா?

இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் அதை மருத்துவரிடம் நேராகச் சொல்லுங்கள். "டாக்டர், பத்து நாளைக்கு முன்னால் வெறுங்காலோடு சாக்கடைத் தண்ணீரில் இறங்கினேன். எலிக்காய்ச்சலாக இருக்குமா?" என்று கேளுங்கள். மலாயில் சொல்ல வேண்டுமானால் கென்சிங் திகுஸ் என்றாலே புரிந்துவிடும். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். சாக்கடையில் இறங்கியதைச் சொல்லச் சிலருக்குக் கூச்சம். வீட்டில் எலி உண்டு என்று சொல்லச் சிலருக்கு வெட்கம். வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் துடித்தவருக்கும் இந்நோய் வரலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லாவற்றையும் ரத்தச் சோதனை காட்டிவிடாதா என்று கேட்கலாம். எலிக்காய்ச்சலுக்கு வழக்கமாகச் செய்யும் சோதனை, கிருமியை எதிர்க்க நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடுகிறது. அது ரத்தத்தில் தெரிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். முதல் சில நாள்களில் சோதித்தால், நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். மருந்தோ, சீக்கிரம் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். அதனால் மருத்துவர்கள் சோதனை முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. நோயாளி சொல்லும் விவரத்தையும் உடலில் காணும் அறிகுறிகளையும் வைத்தே மருந்தைத் தொடங்குகிறார்கள். லேசான நிலையில் டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரைகள் போதும். கடுமையானால் மருத்துவமனையில் பெனிசிலின் போன்ற மருந்துகளை ஊசி வழியாகச் செலுத்துவார்கள். கொடுத்த மாத்திரையைக் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடாமல் முழுமையாக உட்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்லும் தகவலால் இன்னொரு பயனும் உண்டு. 2010 முதல் எலிக்காய்ச்சல் நம் நாட்டில் கட்டாயமாக அறிவிக்கப்பட வேண்டிய நோய். மருத்துவர் அறிவித்ததும் மாவட்டச் சுகாதார அலுவலகத்தினர் நோய் எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பார்கள். அது சந்தையா, உணவுக்கடையா, நீர்வீழ்ச்சியா என்று தெரிந்தால் அங்கே எலியை ஒழிக்கவும் இடத்தைச் சுத்தப்படுத்தவும் ஏற்பாடு நடக்கும். உங்கள் ஒரு வார்த்தை அக்கம்பக்கத்தாரையும் காக்கும்.

வராமல் காக்க

வெள்ளநீரில் இறங்காமல் இருக்க முடிந்தால் இறங்காதீர்கள். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் கையுறையும் அணியுங்கள். சிலிப்பர் போதாது. காயம் இருந்தால் நீர் புகாத பிளாஸ்திரி ஒட்டுங்கள். வெள்ளம் வடிந்த பிறகு சுத்தம் செய்யும்போதும் இதே கவனம் வேண்டும். 2014 டிசம்பரில் கிளந்தானில் பெருவெள்ளம் வந்தது. அதற்குப் பின் வந்த வாரங்களில் அங்கே எலிக்காய்ச்சல் கூடியது.

தரையைத் துடைக்கும்போது பிளீச் திரவத்தைப் பாட்டிலில் குறிப்பிட்டுள்ள அளவில் தண்ணீரோடு கலந்து பயன்படுத்துங்கள். வேறு எந்தச் சுத்திகரிப்புத் திரவத்தோடும் அதைக் கலக்காதீர்கள். நச்சு வாயு உண்டாகும். சன்னலைத் திறந்து வையுங்கள். எலிப் புழுக்கையைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காமல், பிளீச் நீர் தெளித்துச் சற்று நேரம் ஊறவிட்டு, கையுறையோடு காகிதத்தால் எடுத்துவிடுங்கள்.

எலிக்குச் சோறும் வீடும் கொடுப்பது நாமே. மிச்ச உணவை இரவில் மூடாமல் வைக்காதீர்கள். நாய், பூனைக்கு வைக்கும் சோற்றை இரவு முழுதும் வெளியே விடாதீர்கள். குப்பைப் பையைக் கட்டி, மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். அரிசி, பருப்பு, மாவு ஆகியவற்றை இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். வாசலில் பறவைகளுக்கு அரிசி இறைப்பவர்கள், இருட்டுவதற்குள் மிச்சத்தைக் கூட்டி அள்ளிவிடுங்கள். குடியிருப்பில் எலித் தொல்லை இருந்தால் நகராண்மைக் கழகத்திடமோ மாவட்டச் சுகாதார அலுவலகத்திடமோ புகார் செய்யுங்கள். நாய் வளர்ப்பவர்கள், அதற்கு இந்நோய்க்கான தடுப்பூசி பற்றி விலங்கு மருத்துவரிடம் கேளுங்கள்.

மாடு வளர்ப்பவர்களுக்கு ஒரு சொல். பசுவின் சிறுநீரிலும் இக்கிருமி இருக்கலாம். கோமியம் பிடிப்பவர்கள் காயமுள்ள கையால் தொடாதீர்கள். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதைக் குடிக்க வேண்டாம்.

நீங்கள் கேட்கும் கேள்விகள்

டின் பானத்தின் மேல் எலி சிறுநீர் பட்டு ஒருவர் இறந்தார் என்று புலனத்தில் அடிக்கடி செய்தி வருகிறது, அது உண்மையா? டின்னின் மேற்புறத்தைக் கழுவிவிட்டுக் குடிப்பது நல்ல பழக்கம், அதைத் தொடருங்கள். ஆனால் பெரும்பாலோருக்கு இந்நோய் தண்ணீரிலும் ஈர மண்ணிலும் கால், கை படுவதால்தான் வருகிறது. டின்னைக் கழுவிவிட்டு வெறுங்காலோடு சாக்கடையில் இறங்கினால் பயனில்லை.

வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் ஒட்டுமா? ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுவது மிக மிக அரிது. நோயாளியைத் தனியே ஒதுக்க வேண்டாம். ஆனால் அதே வீட்டில், அதே வெள்ளத்தில் கால் வைத்தவர்களுக்கும் காய்ச்சல் வருகிறதா என்று ஒரு மாதம் வரை பாருங்கள்.

வராமல் தடுக்க மாத்திரை உண்டா? வெள்ள நிவாரணப் பணியாளர்கள் போன்றவர்களுக்கு மருத்துவர்கள் சில நேரம் முன்கூட்டியே மாத்திரை கொடுப்பதுண்டு. அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார் என்று நீங்களாக உட்கொள்ளாதீர்கள்.

பெரியோர்களே, உங்கள் பிள்ளைகளில் சிலர் துப்புரவுப் பணியிலும் தோட்டத்திலும் சந்தையிலும் கட்டுமானத்திலும் இருப்பார்கள். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு நீர்வீழ்ச்சிக்குப் போவார்கள். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவர் நீங்கள்தான். அப்போது, "சாப்பிட்டாயா?" என்று கேட்பதோடு, "எந்தத் தண்ணீரில் இறங்கினாய்?" என்றும் கேளுங்கள். கிடைக்கும் பதிலை மருத்துவரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

இந்தச் சிற்றேட்டைப் படித்ததும் மூலையில் போட்டுவிடாமல், மேலே உள்ள ஆறு கேள்விகளும் கண்ணில் படும்படி மருந்து வைக்கும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.